கைத்தடியில் வெளிச்சம் வந்ததும் ஊர் என்ன செய்யும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை போட்டு மேசையில் ஆடும் கதை ஆட்டம்; ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடுவார்கள். புதிதாக நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: "முதல் முறையாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். பார்ட்டியில், அதாவது ஆட்டக்காரர்களின் குழுவில், நாலு பேர், அதில் மூன்று பேர் மந்திரம் போடுகிறவர்கள். இரவில் ஒரு சின்னக் கிராமத்துச் சத்திரத்துக்குள் நுழைந்தார்கள். இருட்டாக இருக்கிறதே என்று விஸார்டு (படித்து மந்திரம் கற்றவள்) தன் கைத்தடி நுனியில் வெளிச்சம் வரவழைத்தாள். அங்கே இருந்த ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஓடுவார்களா, காலில் விழுவார்களா, கல்லெறிவார்களா? 'யாரும் கண்டுகொள்ளவில்லை' என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டேன்."

ஒப்பேற்றியதில் தப்பில்லை. நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஒரு ஊருக்கு உயிர் வருவதே அங்கேதான்.

அந்தச் சத்திரத்தில் கூழோ கள்ளோ குடித்துக்கொண்டிருப்பவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். விதிப்புத்தகத்தில் அவர் பெயர் 'காமனர்'. எல்லாத் திறனும் 10, ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு, 4. முதல் லெவல் விஸார்டு எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய ஃபயர் போல்ட் மந்திரம் பத்துமுகப் பகடை ஒன்று அளவுக்குச் சுடும். பட்டுவிட்டால் பத்தில் ஏழு முறை அந்த ஆள் விழுந்துவிடுவார். தூங்கவைக்கும் ஸ்லீப் மந்திரம் எட்டுமுகப் பகடை ஐந்து, சராசரி 22 ஹிட் பாயின்ட் அளவுக்கு ஆட்களைச் சாய்க்கும். நாலு நாலு பாயின்டாக ஐந்து பேர் ஒரே நேரத்தில் சாய்ந்துவிடுவார்கள், அதாவது சத்திரத்தில் ஒரு மேசையே காலி. அந்த விஸார்டு அந்த வாரம்தான் படிப்பை முடித்து வெளியே வந்த சின்னப் பெண்ணாக இருந்தாலும் இதுதான் கணக்கு.

அதைவிட மோசம், அவள் என்ன செய்யப்போகிறாள் என்று இவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு மந்திரத்தைப் போடும்போதே அது என்ன மந்திரம் என்று கண்டுபிடிக்க 2017-இல் வந்த துணைநூலில் ஒரு விருப்ப விதி இருக்கிறது: 15-உடன் மந்திரத்தின் லெவலைக் கூட்டிய இலக்கை ஆர்க்கானா (மந்திர அறிவு) சோதனையில், இருபதுமுகப் பகடை போட்டு, எட்ட வேண்டும். நம் குடியானவருக்கு ஆர்க்கானா பயிற்சி கிடையாது. காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸை அவர் அடையாளம் காண நூற்றுக்கு 25 வாய்ப்பு. நெருப்பாக வெடிக்கும் ஃபயர்பாலை அடையாளம் காண நூற்றுக்கு 15. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்: யாரோ உதட்டை அசைக்கிறார்கள், விரலை மடக்குகிறார்கள், பையிலிருந்து எதையோ எடுக்கிறார்கள். அடுத்த ஆறு நொடியில் குழந்தையின் காய்ச்சல் இறங்கலாம், கூரை பற்றி எரியலாம்.

அதனால் விவரமான ஊர்களில் கைக்கு ஒரு நாகரிகம் உருவாகியிருக்கும் என்று வைத்துக்கொள்வேன். அந்நியர் வந்தால் இரண்டு கையும் மேசைமேல் இருக்க வேண்டும். வாய்க்குள் முணுமுணுப்பது அசிங்கம். பேரம் பேசும்போது விரலை ஆட விட்டால் சந்தேகம். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான் சேர்த்தது. ஆனால் விதிகளை நேர்மையாகப் படித்தால் தானாக இங்கேதான் வந்து நிற்கும்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் ஆட்டத்தில் ஒரு பார்டு, அதாவது மந்திரம் போடும் பாட்டுக்காரன், இருந்தான். உப்பு வியாபாரியிடம் விலை குறைக்க, ஆளை வசியம் செய்யும் சார்ம் பர்சன் மந்திரத்தைப் போட்டான். நாலைந்து வெள்ளிக் காசு மிச்சம், எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் மந்திர விளக்கத்தின் கடைசி வரியைப் படித்தேன்: மந்திரம் முடிந்ததும், தன்னை வசியம் செய்தார்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து அந்த உப்பு வியாபாரி என்ன செய்வார்? பக்கத்துக் கடையில் சொல்வார். அடுத்த வாரம் பார்ட்டி சந்தைக்குப் போனபோது கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பலகையை இழுத்து மூடினார்கள். யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. "இன்னிக்கு சரக்கு இல்லீங்க" என்றார்கள். எங்கள் மேசையில் டிராகன் வந்தபோதுகூட அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

அந்த வியாபாரிக்கு என்னதான் வழி? ஊர்க்காவலனிடம் போகலாம். காவலனுக்கு ஹிட் பாயின்ட் 11, கையில் ஈட்டி. வசியம் செய்தவனைப் போய் விசாரித்தால் காவலனும் வசியமாகிவிடலாம். இங்கேதான் என் பதிலே இருக்கிறது. சாதாரண ஜனங்கள் மந்திரக்காரரைக் கண்டு பயப்படுவதும் பயப்படாததும், தப்பு நடந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்விக்கு அந்த ஊரில் பதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கேட்க ஆளிருந்தால் மந்திரமும் ஒரு தொழில். கேட்க நாதியில்லை என்றால், கைத்தடி வெளிச்சம்கூட மிரட்டல்தான்.

நம் ஊரிலேயே பாருங்கள். பயந்து அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாலை நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் அம்மாக்களில் எல்லா மதத்தாரும் உண்டு. ஓதி ஊதிவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஒரு பயமும் இல்லை. அதே அம்மா, ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் மந்திரவாதியிடம் போவதென்றால் இருட்டின பிறகுதான் போவாள், பக்கத்து வீட்டுக்குச் சொல்லமாட்டாள். முதல் ஆளுக்குப் பின்னால் ஒரு ஜமாத் இருக்கிறது, தெரு இருக்கிறது. இரண்டாவது ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் ஆட்டத்தில் கிளெரிக்குக்கும் (தெய்வத்தின் பேரில் மந்திரம் போடுபவர்) வார்லாக்குக்கும் (ஏதோ ஒரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டவர்) உள்ள வித்தியாசம் ஜனங்களைப் பொறுத்தவரை இதுதான். கிளெரிக் கழுத்தில் தொங்கும் சின்னத்தைப் பார்த்ததும் எந்தக் கோயிலில் போய்ப் புகார் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய ஆட்ட உலகங்களை உருவாக்கியவர்கள் இதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வார்ஹேமர் ஃபேன்டசி ரோல்பிளே. 1986-இல் முதலில் வந்தது. அதில் வரும் எம்பயர் என்ற பேரரசில் மந்திரம் ஒரு காலத்தில் சாவுக்குரிய குற்றம். பிறகு கேயாஸ் என்ற தீய சக்திக்கு எதிரான பெரிய போரில் உதவிய டெக்லிஸ் என்ற எல்ஃப், மக்னஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் ஆல்ட்டார்ஃப் நகரில் எட்டு மந்திரக் கல்லூரிகளை நிறுவினான். கல்லூரியில் படித்தவருக்கு உரிமம் உண்டு. மந்திரம் கைவந்தும் கல்லூரிக்குப் போகாதவரை சூனியக்காரர்களை வேட்டையாடுபவர்கள் தேடி வருவார்கள். சரி, உரிமம் இருப்பதால் கிராமத்தான் நம்புகிறானா? இல்லை. ஏன் என்பதற்குப் பதில் 2018-இல் வந்த நான்காம் பதிப்பின் அட்டவணையிலேயே இருக்கிறது. மந்திரம் லேசாகப் பிசகினால் என்ன நடக்கும் என்று நூறு வரை பகடை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு எண் விழுந்தால் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பால் எல்லாம் அந்த நொடியே திரிந்துபோகும். இன்னொரு எண் விழுந்தால் ஒரு மைலுக்குள் அடுத்துப் பிறக்கும் உயிர் உருக்குலைந்து பிறக்கும். இன்னொன்றில் வயல்கள் கருகும்.

இதில் மந்திரக்காரருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றுமில்லை. அவர் குதிரையேறி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பால் திரிந்தது மாடு வைத்திருக்கிறவளுக்கு. பிள்ளை கோணலாகப் பிறந்தது தெருக்கோடியில் இருப்பவளுக்கு. அந்த ஊரில் மந்திரக்காரரைக் கண்டு கதவைச் சாத்துகிறவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்ல முடியுமா? அவர்கள் அனுபவத்தில் பேசுகிறார்கள். உரிமத்தில் சக்கரவர்த்தியின் முத்திரை இருக்கலாம். ஆல்ட்டார்ஃப் எத்தனை நாள் நடை?

1991-இல் வந்த டார்க் சன் உலகம் இதையே ஒரு முழுப் பாலைவனமாக்கிக் காட்டியது. ஆத்தாஸ் என்ற அந்த உலகில் மந்திரத்துக்கான சக்தி செடிகொடிகளின் உயிரிலிருந்து வருகிறது. அக்கறையில்லாதவர்கள் அதை உறிஞ்சி மண்ணைச் சாம்பலாக்கிவிடுவார்கள், கவனமாக எடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் பசியில் இருக்கிற ஜனங்களுக்கு இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க நேரமில்லை. மந்திரக்காரர் என்று தெரிந்தாலே அடிக்க வருவார்கள். அதனால் நல்லவர்களும் ரகசியச் சங்கம் வைத்து ஒளிந்து வாழ்கிறார்கள். நியாயமா என்றால் இல்லை. புரிகிறதா என்றால் நன்றாகப் புரிகிறது.

ஆர்ஸ் மேஜிகா வேறு வழியில் போனது. ஜொனாதன் ட்வீட், மார்க் ரைன்-ஹேகன் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆட்டம், வழக்கமாக 1220-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தொடங்கும். அதில் மந்திரத் திறனோடு பிறந்தவரைப் பார்த்தாலே மற்றவர்களுக்கு ஒரு உறுத்தல் வரும். காரணம் சொல்லத் தெரியாது, நாய் குரைக்கும், குதிரை மிரளும். ஐந்தாம் பதிப்பில் மற்றவர்களோடு பழகும் பெரும்பாலான சோதனைகளில் மூன்று குறைத்துக்கொள்ள வேண்டும். மந்திரக்காரர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளவே ஒரு காப்பு மந்திரம் தேவைப்படுகிறது. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. வெறுப்பை இயற்கையாக்கிவிட்டால் ஜனங்கள் மேல் தப்பே இல்லாமல் போய்விடுகிறது, யோசிக்கவும் இடமில்லை. ஆனால் ஒரு நல்ல விஷயம், அவர்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்த காவலாட்கள் பழகிப்போய்விடுகிறார்கள். "எங்க அய்யா அப்படித்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஊர்க்காரரிடம் சமாதானம் சொல்லும் ஒரு காவலாள், பத்து மந்திரத்துக்குச் சமம்.

இதற்கு நேர் எதிர்க்கோடி, 2004-இல் வந்த எபரான் என்ற ஆட்ட உலகம். அங்கே தெருவிளக்கு மந்திரம், ரயில் மந்திரம், தூரத்து ஊருக்குச் செய்தி அனுப்புவது மந்திரம், வைத்தியசாலை மந்திரம். எல்லாவற்றையும் பெரிய குடும்பங்கள் வியாபாரமாக நடத்துகின்றன. மந்திரம் போடுகிறவர் அங்கே நம் ஊர் எலக்ட்ரீஷியன் மாதிரி. யாரும் வாய் பிளப்பதில்லை, "ரேட்டு ஜாஸ்தி" என்றுதான் சொல்வார்கள். வேலை சரியில்லை என்றால் போய்ச் சண்டை போட ஒரு அலுவலகம் இருக்கிறது. ஆனாலும் அந்த உலகத்து நாட்காட்டியில் 994-ஆம் ஆண்டு சயர் என்ற நாடே ஒரே நாளில் அழிந்துபோனது. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. நூறு வருடத்துக்கு மேல் ஓடிய போர் அந்தப் பயத்தில்தான் நின்றது. தெருவிளக்கைப் பற்றிக் கவலைப்படாத ஜனங்கள் சயரின் பேரைச் சொன்னால் குரலைத் தாழ்த்துவார்கள்.

உரிமம் வைப்பதால் ஜனங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2000-இல் வந்த பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகம் கணினியில் ஆடியவர்களுக்கு ஆத்கட்லா நகரம் நினைவிருக்கும். தெருவில் மந்திரம் போட்டால், அங்கே மந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கௌல்டு விஸார்ட்ஸ் சங்கத்தார் திடீரென்று தோன்றி எச்சரிப்பார்கள், மீறினால் சண்டை. 5000 தங்கக் காசு கொடுத்தால் உரிமம், அதன்பிறகு கேள்வியே இல்லை. ஐந்தாம் பதிப்பின் கூலிக் கணக்கில் ஒரு கூலியாள் அதைச் சம்பாதிக்க 68 வருடம் ஆகும். அந்த ஊர் ஜனங்கள் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? மந்திரம் தப்பில்லை, காசில்லாமல் மந்திரம் போடுவதுதான் தப்பு என்று.

காசு என்றதும் சொல்ல வேண்டும், பயத்தைவிடப் பொறாமையும் ஆத்திரமும்தான் அதிகம் வேலை செய்யும். 2014 விதியில் பயிற்சியில்லாத கூலிக்கு ஒரு நாளுக்கு 2 வெள்ளி, பத்து வெள்ளி ஒரு தங்கம். நகரத்தில் ஒரு சாதாரண முதல் அல்லது இரண்டாம் லெவல் மந்திரம் போட்டுக்கொள்ள 10 முதல் 50 தங்கம். குறைந்தபட்சக் கூலியே 50 நாள் உழைப்பு. இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு வைரம் மட்டும் 500 தங்கம், 2500 நாள், கிட்டத்தட்ட ஏழு வருடம், அதுவும் இறந்து பத்து நாளுக்குள். ஒரு ஊரில் ஜமீன்தார் மகன் குதிரையிலிருந்து விழுந்து செத்து மறுநாள் எழுந்து வருகிறான். அதே வாரம் கிணற்றில் விழுந்த தோட்டக்காரர் மகன் எழுந்து வரவில்லை. அந்தத் தோட்டக்காரர் உங்கள் கிளெரிக்கைப் பார்க்கும் பார்வையை ஒரு முறை மேசையில் நடித்துக் காட்டுங்கள்.

சின்ன மந்திரமும் தொழிலைக் கெடுக்கும். மெண்டிங் என்று ஒன்று, ஒரு நிமிடத்தில் உடைசல் ஒட்டிவிடும், ஒரு அடிக்கு மேல் பெரிய உடைசலாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. செலவில்லை. உங்கள் விஸார்டு ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் எட்டு மணி நேரத்தில் 480 உடைசல். உடைந்த பானை, முறிந்த ஏர், விரிசல்விட்ட அச்சாணி எல்லாம் வரிசையில் வரும். பிள்ளைகளுக்குத் திருவிழா. குயவருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் அன்று சோறு இறங்காது. விஸார்டைப் பற்றி முதல் வதந்தி அவர்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பும்.

விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் ஊரும் உண்டு. இயற்கை மந்திரம் போடும் ட்ரூயிட் ஐந்தாம் லெவல் வந்தால் பிளான்ட் க்ரோத் போடலாம். எட்டு மணி நேரம் உட்கார்ந்து போட்டால் அரை மைல் ஆரத்துக்குள், அதாவது சுமார் 500 ஏக்கரில், ஒரு வருடத்துக்கு விளைச்சல் இரண்டு மடங்கு. அப்படி ஒருவரை எந்த ஊர் போகவிடும்? வீடு கட்டித் தருகிறோம் என்பார்கள், பெண் பார்க்கட்டுமா என்பார்கள், குதிரையின் லாடம் எப்படியோ காணாமல் போகும். அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்தால் கைகலப்பு.

நிஜச் சரித்திரத்தில் மந்திரம் கிடையாது, நம்பிக்கை உண்டு. ஐரோப்பாவில் சூனிய வழக்குகளில் மூன்று நூற்றாண்டுகளில் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோபுரத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மந்திரவாதி அல்ல, பக்கத்து வீட்டுக்காரி. இங்கிலாந்துக் கிராமத்து வழக்குகள் பல ஒரே மாதிரி தொடங்கும்: ஒருத்தி வந்து கொஞ்சம் பால் கேட்டாள், கொடுக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டே போனாள், அப்புறம் மாடு செத்தது. அதே கிராமத்தில் காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தரவும், சூனியம் எடுக்கவும் நாட்டு மந்திரக்காரர்கள் இருந்தார்கள். சட்டப்படி அவர்களும் குற்றவாளிகள். ஆனால் ஜனங்கள் அவர்களை அவ்வளவாகக் காட்டிக்கொடுக்கவில்லை, தேவைப்பட்டது. உங்கள் ஆட்டத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பார்ட்டி ஊரைவிட்டுப் போன பிறகு மாடு செத்தால், பழி விழுவது பார்ட்டியோடு சிரித்துப் பேசிய உள்ளூர்க்காரி மேல். அவர்கள் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அவள் வீடு பூட்டியிருக்கட்டும்.

சரி, உங்கள் சத்திரத்துக்கு வருவோம். பழைய விதிகளில் அந்நியரைச் சந்தித்தால் ஆறுமுகப் பகடை இரண்டு போட்டு எதிர்வினை பார்ப்பார்கள். 1981 பேசிக் பதிப்பில் 2 விழுந்தால் உடனே தாக்குதல், 12 விழுந்தால் உற்சாகமான நட்பு, 6 முதல் 8 வரை 'தீர்மானிக்கவில்லை'. இந்த நடு எண்கள் நூற்றுக்கு 44 முறை விழும். எனக்கு இது மிகவும் பிடிக்கும். மனிதர்கள் பாதி நேரம் தீர்மானிக்காமல்தான் இருக்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பகடை ஊருக்குப் போடாதீர்கள், முக்கியமான நாலைந்து பேருக்குத் தனித்தனியாகப் போடுங்கள். ஊர் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

நான் நடத்தினால் இப்படி இருக்கும். வெளிச்சம் வந்ததும் பேச்சு நிற்கும். சத்திரக்காரர் மட்டும் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே வருவார். "நல்ல வெளிச்சம்தான், அம்மா. எண்ணெய் மிச்சம். கை ரெண்டும் இங்க மேசை மேலேயே இருக்கட்டும்" என்பார். மூலையில் இருந்த கொல்லர் காசை வைத்துவிட்டு வாசல் வழியாகப் போகாமல் கொல்லைப்புறமாகப் போவார், ஊர்த்தலைவரின் வீடு அந்தப் பக்கம்தான். ஒரு பையன் கைத்தடியைத் தொட்டுப் பார்ப்பான், சுடவில்லை என்று கத்துவான், அவன் அம்மா அவனை இழுத்து ஒரு அறை விடுவாள். அறை வாடகை சத்தமில்லாமல் இரண்டு மடங்காகும். இரவு எல்லோரும் தூங்கின பிறகு கதவு மெதுவாகத் தட்டப்படும். வெளிச்சம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட கிழவி ஒருத்தி, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஆறு வெள்ளிக் காசை நீட்டுவாள். மந்திரக்காரர் என்றால் எல்லா மந்திரமும் தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். விஸார்டின் மந்திரப் பட்டியலில் காய்ச்சலுக்கு ஒன்றுமே கிடையாது. இதை உங்கள் ஆட்டக்காரி அந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்கிறாள் என்று பாருங்கள். கிழவி அதை நம்பப்போவதில்லை.